காளிக்கு ஒரு கல். கிழமாட்டுக்கு ஒரு பட்டி

மைசூரிலிருந்து பெங்களூர் செல்லும் வண்டி மண்டியாவைக் கடந்தால் மத்தூர் வரும். வடையின் பெயரால் அவ்வூரை நம் குழந்தைகளும் நன்கறிவர். அம்மத்தூர் வட்டத்திலே ஆதகூர் என்றொரு சிற்றூர் உண்டு. 1,070 ஆண்டுகளுக்கு முன் அவ்வூரில் ஒரு நாய்க்குக் கல் நட்டு, அக்கல்லின் பூசைக்கு நிலமும் விட்டனர். இதனை அறிந்தவர் நம்முள் மிகச் சிலரே ஆவர். இராமாபுரத்தில் வாழும் நமக்கு அது தொலைவான இடமும் அன்று. தொடர்பில்லாத செய்தியும் அன்று.

இவ்வாண்டு மலருக்கு இப்பொருளை நான் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. சில திங்களாக நம் குடியிருப்பில் இருவர் கூடினால் பேச்சு இரண்டு பொருள்களில் வந்து நிற்கிறது. ஒன்று, தெருமுனையில் கூடும் நாய்கள். மற்றொன்று, குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துத் தின்னும் கிழமாடுகள். பிடித்துக் கொண்டுபோய் அடுத்த ஊரில் விட்டுவிட வேண்டும் என்பார் ஒரு சாரார். வாயில்லா உயிர், ஒரு பிடி சோறு இட்டால் குறைந்தா போவோம் என்பார் மறு சாரார். வழக்கு எவ்வளவு முற்றினாலும் இரு சாராரும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போகின்றனர்: “நம் முன்னோர் காலத்துக் கிராமத்தில் இத்தொல்லை இருந்ததில்லை” என்பதே அது.

அது உண்மைதானா? நம் நாட்டுப்புறம் தனக்கு வேண்டிய விலங்கை எவ்வாறு போற்றியது, வேண்டாத விலங்கை என்ன செய்தது என்பதைச் சற்றே ஆராய்வோம். மனுநீதிச் சோழன் கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட கதையோடு நின்றுவிடுவது நம் மேடைகளின் வழக்கம். அக்கன்றுக்காக மணியை அடிக்க ஒரு தாய்ப்பசு இருந்தது. மணியடிக்க யாருமில்லாத உயிர்களின் வரலாறே ஈண்டு நாம் காணப் புகுவது.

கல் பெற்ற நாய்கள்

ஆதகூர்க் கல்வெட்டு கி.பி. 949-50-ஐச் சேர்ந்தது. அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனுக்கும் சோழர்க்கும் பெரும்போர் நிகழ்ந்தது. முதற் பராந்தக சோழனின் மைந்தன் இராசாதித்தன் யானைமேல் இருந்தவாறே அப்போரில் உயிர்நீத்தான். அவனை வீழ்த்தியவன் கிருட்டிணனுக்குத் துணைநின்ற கங்க மன்னன் பூதுகன். நம்மவர் தோற்ற அப்போரின் செய்தியை இக்கன்னடக் கல்லும் கூறுவதால், சோழர் வரலாறு எழுதுவோர் அனைவரும் ஆதகூர் வரை வந்துதான் செல்ல வேண்டியுள்ளது.

ஆனால் அக்கல் நடப்பட்டது அரசனுக்காக அன்று, இளவரசனுக்காகவும் அன்று. பூதுகனிடம் மணலேரன் என்னும் வீரன் பணிபுரிந்தான். அவனுடைய ஆண்மையை வியந்த பூதுகன், வேண்டியதைக் கேள் என்றான். மணலேரன் ஊர் கேட்கவில்லை, பொன்னும் கேட்கவில்லை. காளி என்னும் வேட்டைநாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் ஒரு மலைப்புறத்தில் பெரும் பன்றி ஒன்றின்மீது அந்நாயை ஏவ, நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று ஒருங்கே மடிந்தன. காளியின் நினைவாக ஆதகூர்ச் சிவன் கோயிலின் முன்பு கல் நாட்டி, நிலமும் அளித்தனர். பன்றியோடு நாய் பொருதும் காட்சியைச் செதுக்கிய அக்கல் இன்று பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.

அக்கல்வெட்டின் இறுதிப் பகுதியே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அந்நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் பூசகர் இக்கல்லுக்குப் பூசை செய்யாமல் உணவு கொள்வாராயின், அந்நாய் செய்த பாவம் அவரைச் சேரும் என்று அது விதிக்கிறது. நாயைப் புகழ்ந்துவிட்டு விட்டார்களில்லை. இன்னாரிடம் இப்பொறுப்பு, அதற்கு இந்த நிலம், தவறினால் இந்தப் பழி என்று மூன்றையும் கல்லிலே எழுதிவைத்தனர்.

தமிழகத்திலும் இதனினும் முந்நூறு ஆண்டுகள் மூத்த கல் ஒன்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நடப்பட்ட நடுகல் அது. எருமை மந்தையைக் காத்து உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்தது. அவன் உருவின் பக்கத்தில் ஒரு நாயின் உருவமும் உண்டு. கோவிவன் என்னும் அந்நாய் கள்வர் இருவரைக் கடித்து, தலைவனைக் காத்து நின்றது என்று அக்கல் தனியே பொறித்துவைத்திருக்கிறது. பல்லவர் காலத்துச் சிற்றூர் ஒன்றில் எத்தனை பேர் பெயரின்றி வாழ்ந்து மறைந்தனரோ அறியோம். ஒரு நாயின் பெயர் மட்டும் பதினான்கு நூற்றாண்டு கடந்து நமக்கு எட்டியிருக்கிறது.

இவற்றைப் படிக்கையில் நெஞ்சு நிமிர்கிறது. எனினும் ஒன்றை மறத்தல் ஆகாது. காளியும் கோவிவனும் பணிசெய்து இறந்த நாய்கள். பல் விழுந்து, கண் மங்கி, மந்தையைக் காக்க இயலாமற்போன நாய்க்கு எந்த ஊரும் கல் நட்டதாக நான் படித்ததில்லை.

எண் மூவாது, ஆடு மூக்கும்

சோழர் காலத்துக் கோயில்களில் நந்தாவிளக்கு எரிக்க ஆடுகளை அறமாக அளிப்பர். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்பது கணக்கு. அவற்றை இடையரிடம் ஒப்படைப்பர். இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இவ்வாடுகளுக்குக் கல்வெட்டுகள் இட்ட பெயர் ‘சாவா மூவாப் பேராடு’ என்பதாம். சாவாமலும் மூப்படையாமலும் இருக்கும் ஆடுகள் என்று பொருள்.

உலகில் அத்தகைய ஆடு ஏது? கிழடானதும் இறந்ததும் கழிய, குட்டிகளால் அவ்விடத்தை நிரப்பி, 96 என்ற எண்ணை இடையர் காத்து வந்தனர். சாவாமலும் மூவாமலும் நின்றது எண்ணே. கழிந்த கிழ ஆடு என்னவாயிற்று என்பதைக் கல் பேசவில்லை. நெய்க்குக் கணக்கு இருந்தது. மூத்த ஆட்டுக்குக் கணக்கில்லை.

மைசூர் நாட்டுக்கு வருவோம். உடையார் அரசர் காலத்தில் அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் அளிக்க மாட்டுமந்தைகள் பேணப்பட்டன. சிக்க தேவராச உடையார் காலத்தில் இத்துறை ‘பெண்ணெ சாவடி’ எனப்பட்டது. பெண்ணெ என்பது வெண்ணெய். ஐதர் அலி இம்மாடுகளைப் போர்த் தளவாடங்கள் இழுக்கப் பயன்படுத்தினார். திப்பு சுல்தான் இத்துறைக்கு ‘அமிர்த மகால்’ என்று பெயரிட்டார். அம்மந்தைகள் மேய்வதற்கென்றே ‘காவல்’ என்னும் புல்வெளிகள் நாடெங்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. அமிர்த மகால் காளையின் விரைந்த நடையே அதற்கு இந்தச் சிறப்பைத் தேடித்தந்தது. அரசுக்கு வேண்டிய மாட்டுக்கு நாட்டில் இடம் இருந்தது.

குடியானவன் மாட்டுக்கு ஊர்ப்பொது மேய்ச்சல் நிலமும் மந்தைவெளியும் இருந்தன. இவற்றோடு கோயில் காளை என்ற ஒன்றும் இருந்தது; கன்னடத்தார் அதனைப் பசவன் என்பர். அதற்கு உடையவன் என்று ஒருவன் இல்லை. எவர் கொல்லையில் மேய்ந்தாலும் அடிப்பாரில்லை; ஊர்ப் பசுக்களுக்கெல்லாம் பொலிகாளையும் அதுவே. இறந்தால் ஊரே கூடி மாலையிட்டு அடக்கம் செய்யும் வழக்கம் மதுரை, சிவகங்கைச் சீமைகளில் உண்டு. உடையவன் இல்லாத விலங்கு ஊருக்கே உடைமையாகும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் எல்லா மாடும் கோயில் காளை ஆகிவிடுவதில்லை. உழுது ஓய்ந்த எருதைச் சாகும்வரை கட்டித் தீனியிட்ட குடும்பங்களும் இருந்தன. சந்தைக்கு ஓட்டிச்சென்ற குடும்பங்களும் இருந்தன. ‘அடிமாடு’ என்ற சொல்லும், ‘அடிமாட்டு விலை’ என்ற வழக்கும் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. நம் சந்தைகளில் பிறந்தவை. நாய்க்குட்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெட்டை நாய் குட்டி போட்டால், கடுவன்களுள் நல்லவற்றை வீட்டார் எடுத்துக்கொள்வர்; பெட்டைகளைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவருமாறு சிறுவரை அனுப்புவர். சிறுவயதில் நானும் அவ்வாறு ஒரு முறை அனுப்பப்பட்டேன். திரும்பி வரும்போது கை வெறுமையாக இருந்ததைத் தவிர வேறொன்றும் அன்று எனக்குத் தோன்றவில்லை. அதைப் பிழை என்று சொல்வார் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை.

ஆகவே, முன்னோர் காலத்தில் இத்தொல்லை இல்லை என்பது முழு உண்மை அன்று. தொல்லை இருந்தது, அதனை அக்கரைக்கு அனுப்பிவிட்டனர்.

பட்டியும் தண்டோராவும்

பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அத்தகைய மாட்டைக் ‘கொண்டி மாடு’ என்றும், அடைக்கும் இடத்தைத் தென்மாவட்டங்களில் ‘கொண்டித்தொழு’ என்றும் கூறுவர். சில ஊர்களில் பட்டி என்பர். பவுண்டு என்றால் எல்லோர்க்கும் விளங்கும். இவ்வழக்கத்தை நாடு முழுதும் ஒரே ஒழுங்கில் கொண்டுவந்தது 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டமாகும். அவ்வாண்டின் முதற் சட்டமே அதுதான். மைசூர் மாநிலம் 1966-இல் தனக்கென ஒரு சட்டம் செய்துகொண்டது.

1871-ஆம் ஆண்டுச் சட்டம் விலங்குக்கு விலங்கு அபராதம் வகுத்தது. யானைக்கு 2 ரூபாய். ஒட்டகம், எருமைக்கு 8 அணா. குதிரை, காளை, எருது, பசுவுக்கு 4 அணா. கன்று, கழுதை, பன்றிக்கு 2 அணா. ஆட்டுக்கு 1 அணா. பயிரைச் சேதப்படுத்திய மாட்டைப் பிடித்தவர் 24 மணி நேரத்துக்குள் பட்டியில் சேர்க்க வேண்டும். பட்டிக்காரர் அதற்குத் தீனியும் தண்ணீரும் இட வேண்டும். உடையவர் வந்தால் அபராதமும் தீனிச்செலவும் கட்டி ஓட்டிச்செல்லலாம். 7 நாளில் யாரும் வாராவிடின் காவல் நிலையத்துக்கு அறிவிப்பர். விளம்பரம் ஒட்டி, ஊரிலும் சந்தையிலும் தண்டோராப் போடுவர். மேலும் 7 நாள் பார்த்து ஏலத்தில் விற்றுவிடுவர்.

நேர்மையான சட்டந்தான். ஏழைக் குடியானவனின் பயிரைப் பெரிய பண்ணையார் மாடு மேய்ந்தாலும் பட்டி பட்டிதான். அவ்வகையில் அது எளியவனுக்கு ஒரு காவலாக நின்றது. ஆயினும் அதன் கணக்கு முழுவதும் ஓர் எண்ணத்தின்மேல் நின்றது. மாட்டுக்கு உடையவன் ஒருவன் இருக்கிறான். மாடு அவனுக்கு வேண்டும். ஆகவே தேடி வருவான் என்பதே அந்த எண்ணம். மாட்டின் விலையைவிட அபராதமும் தீனிச்செலவும் கூடிவிட்டால் அவன் ஏன் வரப்போகிறான்? உழைக்க மாட்டாத எருது பட்டிக்குள் சென்றால், தண்டோரா யார் காதில் விழுந்தாலும் அவன் காதில் விழாது. ஏலத்தில் அதனை எடுப்பவன் உழவனாக இருக்கவும் வழியில்லை. வேண்டிய மாட்டுக்குப் பட்டி மீட்பு வாயில். வேண்டாத மாட்டுக்கு அது சந்தைக்குச் செல்லும் வாயில்.

இருப்புப்பாதையில் பணிபுரியும் எங்களுக்கு இவ்வுண்மை நன்கு விளங்கும். வேலியிட்ட பாதையில் மாட்டைத் திரியவிட்டால் தலைக்கு 5 ரூபாய் வரை அபராதம் என்று 1890-ஆம் ஆண்டு இருப்புப்பாதைச் சட்டமே விதித்திருந்தது. மாடு அடிபட்டு வண்டி நின்றது என்ற குறிப்பு இன்றும் எங்கள் ஏடுகளில் ஏறுகிறது. வண்டி எண் எழுதுகிறோம், இடம் எழுதுகிறோம், தாமதித்த மணித்துளிகளையும் எழுதுகிறோம். மாட்டின் உடையவர் யார் என்ற இடம் மட்டும் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது. முந்தின நாள் வரை பால் கறந்தவர் ஒருவர் இருந்திருப்பார். அடிபட்ட பின்னர் அது எவருடைய மாடும் அன்று.

முதுமையுற்ற, நோயுற்ற மாடுகளைச் சாகும்வரை பேணுவதற்கென்று தோன்றிய அறநிலையங்கள் பிஞ்சராபோல்கள். குசராத்திய வணிகரும் சமணரும் வளர்த்த இவ்வறம் தெற்கேயும் பரவியது. மைசூரில் சாமுண்டி மலையடிவாரத்திலும், சென்னையில் அயனாவரத்திலும் நூறாண்டு கடந்த பிஞ்சராபோல்கள் உள்ளன. வேண்டிய மாட்டுக்கு அரசு காவல் அமைத்தது. பயிரை மேய்ந்த மாட்டுக்குச் சட்டம் பட்டி அமைத்தது. யாருக்கும் வேண்டாத மாட்டுக்கென்றே அமைந்த இடம், நான் அறிந்தவரை, இது ஒன்றே. இதனை நம் சிற்றூர்கள் தாமாகச் செய்துகொள்ளவில்லை; நகரத்து வணிகர்களின் கொடை செய்தது.

அச்சமும் அருளும்

நாயின் நிலை இதனினும் சிக்கலானது; ஏனெனில் அதன் பல்லில் நஞ்சு இருக்கக்கூடும். வெறிநாய்க்கடி நோய் கண்டபின் பிழைத்தல் அரிது. கடித்தவுடன் ஊசி போட்டுக்கொள்ளுதலே காப்பு. இந்நாட்டில் அம்மருத்துவத்துக்கு முதலில் எழுந்த நிலையம் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில் 1900-இல் அமைந்தது. தென்னாட்டார் அங்கு சென்று சேர்வதற்குள் காலம் கடந்துவிடும். 1902-இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்னும் ஆங்கிலப் பெண் இந்நோயால் மாண்டார். அத்துயரம் எழுப்பிய கிளர்ச்சியின் பயனாக 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசிகளின் கொடுமையை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவ்வகை மருந்தின் உற்பத்தி 2004-ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. நாயைக் கண்டு அஞ்சும் தாய்மாரை இரக்கமற்றவர் என்று சொல்லுதல் முறையன்று. அவர்களுடைய அச்சத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

அவ்வச்சத்துக்கு அரசினர் கண்ட மருந்து கொலை. 1832-இல் பம்பாயில் தெருநாயைக் கொல்பவர்க்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் அளிக்க, பார்சி மக்கள் வெகுண்டெழுந்து கலகமே நிகழ்ந்தது. அதன் பின்னரும் நகராட்சிகள் நாய் பிடிக்கும் வண்டியை விடவில்லை. சிற்றூரில் அவ்வண்டியும் இல்லை. நஞ்சு கலந்த உருண்டையும் தடியுமே இருந்தன.

இந்நிலையை மாற்ற முன்வந்தவருள் தமிழ்நாட்டுப் பெண்மணி ஒருவர் தலைநின்றார் என்பது நமக்குப் பெருமை. மதுரையில் 1904-இல் பிறந்து, நாட்டியக் கலையால் உலகறிந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1952-இல் மாநிலங்களவை உறுப்பினரானார். மறு ஆண்டே விலங்குவதைத் தடுப்பு மசோதா ஒன்றைத் தனி உறுப்பினராகக் கொணர்ந்தார். அரசே அத்தகைய சட்டத்தைக் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதியளிக்க, அவர் தம் மசோதாவைத் திரும்பப் பெற்றார். 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர்.

பட்டினியாலோ தாகத்தாலோ துன்புற நேரும் வகையில் ஒரு விலங்கைக் கைவிடுதல் குற்றம் என்று அச்சட்டம் கூறியது. அதாவது, சாக்கில் கட்டி அக்கரையில் விடுவது குற்றமாயிற்று. முதற் குற்றத்துக்கு அது வகுத்த தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. தொகை சிறிது. ஆனால் நம் ஊர்கள் பிழை என்றே எண்ணாத ஒன்றை, நாட்டின் சட்டம் பிழை என்று எழுதிவைத்தது பெரிது.

சென்னையில் கேப்டன் சுந்தரம் 1959-இல் நீலச் சிலுவைச் சங்கத்தைத் தொடங்கினார். நாயைக் கொல்வதால் தொகை குறையாது. அறுவை செய்து இனப்பெருக்கத்தைத் தடுத்து, ஊசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதுதான் வழி என்று அச்சங்கத்தார் பல்லாண்டு வாதாடினர். காரணம் எளிது. ஒரு தெருவின் நாய்களைக் கொன்றால் அத்தெருவின் எச்சில் அங்கேயே இருக்கும். அதனைத் தேடிப் புதிய நாய்கள் வந்து சேரும். 1996-இல் சென்னை மாநகராட்சி இம்முறையை மேற்கொண்டது. 2001-இல் நாடு முழுமைக்கும் விதிகள் வந்தன. 2023-இல் அவை புதுப்பிக்கப்பட்டன.

2025-ஆம் ஆண்டு இவ்வழக்கு உச்ச நீதிமன்றம் ஏறியது. தலைநகரத்துத் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்குமாறு ஆகஸ்டு 11-ஆம் நாள் ஓர் ஆணை பிறந்தது. வெறிகொண்டவையும் மூர்க்கமானவையும் ஒழிய, ஏனையவற்றை அறுவையும் ஊசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்று ஆகஸ்டு 22-ஆம் நாள் மூவர் அமர்வு அதனைத் திருத்தியது. நவம்பர் 7-ஆம் நாள் ஆணையோ பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இருப்புப்பாதை நிலையம் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்கக் கூறியதோடு, நெடுஞ்சாலையில் திரியும் மாடுகளையும் அகற்றப் பணித்தது. நம் குடியிருப்பின் இரு சாரார் வழக்கே அங்கும் நடந்தது எனலாம்.

உழவு மாறிற்று, மாடு தெருவுக்கு வந்தது

மாடு மட்டும் ஏன் இன்று இவ்வளவாகத் தெருவில் நிற்கிறது? குடியானவன் நெஞ்சு கல்லாகிவிட்டது என்று சொல்லிவிடுதல் எளிது. உண்மை அதுவன்று. கமலையில் நீர் இறைத்த எருதின் வேலையை மின்விசை எடுத்துக்கொண்டது. ஏரின் வேலையை டிராக்டரும், வண்டியின் வேலையை லாரியும் எடுத்துக்கொண்டன. ஊசி வழியே சினைப்படுத்தும் முறை வந்தபின் பொலிகாளைக்கும் வேலையில்லை. ஒரு தலைமுறைக்குள் ஆண்மாடு முழுவதும் வேலையிழந்து நின்றது. சீமைக் கலப்புப் பசு ஈன்ற காளைக்கன்று பிறந்த அன்றே வேண்டாத உயிராகிறது. மேய்ச்சல் நிலமோ வீட்டுமனையாகவும் தொழிற்கூடமாகவும் சுருங்கிவிட்டது. சித்திரதுர்க்க மாவட்டத்துச் சள்ளக்கெரெயில் அமிர்த மகால் காவல் நிலமே அறிவியல் நிலையங்களுக்கு அளிக்கப்பட்டது.

சட்டமும் மாறியது. மைசூர் மாநிலத்தின் 1964-ஆம் ஆண்டுச் சட்டம் பசுவைக் கொல்லத் தடைவிதித்து, 12 வயது கடந்த அல்லது பயனற்ற எருதுக்கு அனுமதி வழங்கியது. கர்நாடகத்தின் 2020-ஆம் ஆண்டுச் சட்டம் எருதையும் தடைக்குள் கொணர்ந்து, 13 வயது கடந்த எருமைக்கு மட்டும் விலக்கு அளித்தது. இதன் அரசியலுள் புகுவது சங்க மலருக்கு அழகன்று. ஒன்று மட்டும் கூறலாம். கொல்லலாம் என்பார்க்கும் கொல்லலாகாது என்பார்க்கும், அந்தக் கிழ எருது நாளை காலை எதைத் தின்னும் என்ற வினாவுக்கு விடை சொல்லும் கடமை உண்டு. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி, உரியவரின்றித் திரிந்த மாடுகள் இந்நாட்டில் 50 இலட்சத்துக்கு மேல். நாய்கள் 1 கோடியே 53 இலட்சம். இத்தனை உயிர்க்கும் தண்டோராப் போட்டால் வந்து ‘என்னுடையது’ என்று சொல்வார் யார்?

அடுத்த ஊர் எது?

இதுகாறும் கண்டவற்றால் ஒன்று புலனாகிறது. நம் முன்னோர் அருளில் நம்மினும் மிக்கவர் என்றோ, குறைந்தவர் என்றோ நான் கூற வரவில்லை. ஓர் உயிர்க்குப் பொறுப்பாளி இன்னார் என்று பெயர் இருந்த இடத்தில் அது காக்கப்பட்டது. அந்தப் பெயர் அழிந்த இடத்தில், பட்டியானாலும் சந்தையானாலும் ஆற்றின் அக்கரையானாலும், அது கைவிடப்பட்டது. ஆதகூர்க் கல் பூசகரைப் பெயரிட்டுப் பொறுப்பாக்கியது. கோயில் காளைக்கு ஊரே பொறுப்பு. சாவா மூவா ஆட்டின் எண்ணுக்கு இடையர் பொறுப்பு. கிழ ஆட்டுக்கு ஒருவருமில்லை. அன்பு வேண்டும் என்பது மெய்யே. ஆனால் ஆளில்லாத அன்பு ஒரு நாள் சோறிட்டு மறுநாள் மறந்துவிடும்.

அடுத்த ஊரில் விட்டுவிடலாம் என்று சொல்லும் அன்பர்களிடம் ஒன்று கேட்பேன். அந்த அடுத்த ஊர்க்காரர்க்கு அடுத்த ஊர் எது? நம் இராமாபுரந்தானே! நம் தெருமுனையில் நிற்கும் நாய்களுள் சில, வேறு யாரோ சாக்கில் கட்டிக் கொண்டுவந்து விட்டவையாக இராவென்று யார் சொல்ல இயலும்? அக்கரையில் விட்டுவந்த சிறுவன் இன்று இக்கரையில் குடியிருக்கிறான், அவ்வளவே. சோறிடுவதே போதும் என்னும் அன்பர்களிடமும் ஒன்று கேட்பேன். நாம் இட்ட சோற்றை உண்ட நாய் ஒரு குழந்தையைக் கடித்தால், அதற்கு ஊசி போட்டாயிற்றா என்ற வினாவுக்கு நம்முள் விடை சொல்வார் யார்?

ஆகவே, சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, நம் தெரு ஒவ்வொன்றிலும் உள்ள நாய்களுக்கு ஓர் ஏடு திறப்போம். நாயின் அடையாளம், அதற்குப் பொறுப்பேற்கும் வீடு, அறுவை செய்த நாள், ஊசி போட்ட நாள் ஆகிய நான்கும் அதில் எழுதப்பட்டுச் சங்கத்து அறிவிப்புப் பலகையில் தொங்கட்டும். அறுவையும் ஊசியும் மாநகராட்சியிடம் கேட்டுப் பெறுவோம். தெருவிலங்குக்கு உணவிடும் இடமும் நேரமும் வகுக்கும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கத்துக்கே 2023-ஆம் ஆண்டு விதிகள் அளித்துள்ளன. குழந்தைகள் விளையாடும் இடத்தை விட்டு ஒதுங்கிய ஒரு மூலையை நாமே குறிக்கலாம். அஞ்சுவாரும் இரங்குவாரும் ஒரே ஏட்டில் கையெழுத்திட இதில் இடமுண்டு.

இரண்டாவது, மாடுகளுக்கு. நம் பாட்டிமார் உலைவைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் இட்டுவைப்பர். அந்தப் பிடியரிசியால் எத்தனையோ அன்னசத்திரங்கள் நடந்தன. அதனை நம் தாய்மார் மீண்டும் தொடங்கலாம். திங்கள்தோறும் சேர்வதை விற்று, வைக்கோலும் தவிடும் வாங்கி, சாமுண்டி மலையடிவாரத்துக்கு அனுப்பலாம். நம் தெருவில் நிற்கும் கிழமாட்டை அங்கே சேர்க்க நேர்ந்தால், வெறுங்கையோடு கொண்டுபோய் விடாமல், அதன் தீனிக்கு உரியதோடு கொண்டுபோகலாம். அப்போதுதான் அது அடுத்த ஊரில் விட்டதாகாது.

ஆதகூர்ப் பூசகர் கல்லுக்குப் பூசை செய்யாமல் தாம் உண்ணலாகாது என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த மண்ணில் எழுதப்பட்ட கட்டளை. பிழைப்பைத் தேடி இம்மண்ணுக்கு வந்து, இதன் நீரை உண்டு வாழ்கிறோம் நாம். உலைவைக்கும் முன் ஒரு பிடி எடுத்து வைத்தல் அக்கட்டளையை நம்மால் இயன்ற அளவில் நிறைவேற்றுவதாகும். கலயம் ஒன்றை என் வீட்டில் வைத்துவிட்டேன். ஏட்டின் முதற் பக்கத்தில் எங்கள் தெருமுனைக் கறுப்பு நாயின் அடையாளத்துக்கு நேரே என் வீட்டு எண்ணை எழுதிக்கொள்ளும்படி சங்கச் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாழ்க நம் சங்கம்!